பதினொரு முறை ‘புழு இல்லை’

ஷைனி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்க்கிறேன். அழுத்தினால் நகம் வெளுக்கும். விட்டதும் சிவக்க வேண்டும். ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் சிவந்துவிட்டால் ரத்தம் ஒழுங்காக ஓடுகிறது என்று பொருள். “எப்பா, விடுங்கப்பா. நல்லாத்தான் இருக்கேன்” என்று கையை உருவிக்கொள்வாள். பன்னிரண்டு வயது. ஒன்றரை மாதமாக இந்தக் கூத்து நடக்கிறது. என் மனைவி எஸ்தரும் சொல்லிப் பார்த்துவிட்டாள். என்னால் விட முடியவில்லை.

நடந்ததை எழுதினால் விடுமோ என்னவோ. எழுதச் சொன்னவள் எஸ்தர்தான். “உங்க பங்கையும் சேத்து எழுதணும்” என்று ஒரு நிபந்தனையோடு. என் பங்கிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர். வீடு வண்ணார்பேட்டைப் பேருந்துச் சத்தம் கேட்கிற தொலைவில், வாய்க்கால்கரைத் தெருவில். எண்பது வீடுகள். ஐப்பசி மழை பிடித்தால் ஆறு இரு கரையும் தொட்டுப் போகும். ஆனால் எங்கள் குழாயில் நாலு நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர். அதனால் வீட்டுக்கு வீடு நீல பிளாஸ்டிக் டிரம். எங்கள் வீட்டில் மூன்று. தெருமுனையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் மாரியப்பன் அண்ணாச்சி விற்றவைதான் பெரும்பாலும். டிரம்முக்கு ஒரு விலை, மூடிக்குத் தனி விலை. ஆகவே பாதி டிரம்களுக்கு மூடி கிடையாது. ஒரு பலகையைப் போட்டு, பழைய சேலையை விரித்து வைத்திருப்போம்.

டெங்குக் கொசு சாக்கடையில் பிறப்பதில்லை. நாம் குடிக்கவும் குளிக்கவும் பிடித்து வைக்கிற நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். அதைப் பார்ப்பதற்காக வாரம் ஒரு முறை டார்ச் லைட்டும் மருந்துப் பாட்டிலுமாகச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வருவார்கள். எங்கள் தெருவுக்கு வருகிறவர் இசக்கியம்மாள். வாசல் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அட்டையில் தேதி போட்டு, கொசுப்புழு உண்டா இல்லையா என்று எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். புழு இருந்தால் அபராதம்.

போன வருடம் எனக்கு ஐநூறு ரூபாய் போட்டார்கள். தண்ணீர் விடுவது நாலு நாளைக்கு ஒரு தடவை, பிடித்து வைத்தால் தண்டமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் தெருச் சங்கத்தின் செயலாளர். அன்றே தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஏற்பாட்டைத் தொடங்கினேன். பணியாளர்கள் தெருவுக்குள் நுழைவதை யார் முதலில் பார்த்தாலும் ‘விருந்தாளி வாராங்க’ என்று போட வேண்டும். ஐந்து நிமிடத்தில் எண்பது வீட்டுக்கும் தெரிந்துவிடும். சிலர் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். சிலர் டிரம்மின் மேல் துணிக்கூடையைக் கவிழ்ப்பார்கள். பாக்கி வீடுகளில் உள்ளே இருந்தபடியே “ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் சுத்தமா இருக்கு” என்று குரல் மட்டும் வரும்.

இசக்கியம்மாளுக்கும் அது தோதாகத்தான் இருந்தது. மத்தியானத்துக்குள் இத்தனை வீடு என்று அவருக்குக் கணக்கு உண்டு. புழுவைக் கண்டுபிடித்தால் சண்டை, ரசீது, வாக்குவாதம் என்று அரை மணி நேரம் போய்விடும். இல்லை என்று எழுதினால் அரை நிமிடம். வீட்டில் யாருக்கும் காய்ச்சல் உண்டா என்றும் கேட்பார். இல்லை என்போம். அதையும் எழுதிக்கொள்வார். எங்களுக்கு அபராதம் மிச்சம், அவருக்கு அலைச்சல் மிச்சம். இதனால் யாருக்கு நட்டம் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஷைனிக்குக் காய்ச்சல் வந்தது. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாள். மறுநாள் பக்கத்துக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் நிதானமானவர். பார்த்துவிட்டு, “உங்க தெருவுல வேற யாருக்கும் காய்ச்சல் இருக்கா?” என்று கேட்டார். தெருச் சங்கச் செயலாளர் என்ற மிடுக்கோடு, யாருக்கும் இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அப்படியானால் இரண்டு நாள் பார்க்கலாம், விடாவிட்டால் ரத்தம் பார்ப்போம் என்றார். திங்கட்கிழமை பரீட்சை, ஒரு ஊசி போட்டால் தேவலை என்று கேட்டு வாங்கியதும் நான்தான்.

ஞாயிறு காலையில் காய்ச்சல் சுத்தமாக இறங்கிவிட்டது. கோவிலில் ஆராதனை முடிவில் எஸ்தர் போதகர் ஐயரிடம் சொல்லி நன்றி ஜெபம் செய்யவைத்தாள். எங்கள் சபையில் காய்ச்சல் விட்டால் வழக்கமாகச் செய்வதுதான். நாங்கள் கண்ணை மூடி நன்றி சொல்லிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் உண்மையான ஆபத்து தொடங்கியிருக்கிறது. இது பிறகு தெரிந்தது.

திங்கள் காலையில் ஷைனி எழுந்திருக்கவில்லை. வயிறு வலிக்கிறது என்று சுருண்டு கிடந்தாள். இரண்டு முறை வாந்தி எடுத்தாள். உடம்பில் சூடு இல்லை, ஆனால் கையும் காலும் ஐஸ் மாதிரி. ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்கு ஓடினோம்.

குழந்தைகள் பிரிவில் இருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண், நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு. ஷைனியின் நாடியைப் பிடித்துக்கொண்டே நகத்தை அழுத்தி விட்டார். நானும் எண்ணினேன். நாலு எண்ணும்வரை வெள்ளையாகவே இருந்தது.

“காய்ச்சல் எப்ப விட்டுது?”

“நேத்துக் காலைல, டாக்டர். நேத்து நல்லாத்தான் இருந்தா.”

“இதுல காய்ச்சல் விட்ட பொறவுதான் கவனிக்கணும். அது யாருக்கும் தெரியல்ல” என்று சொல்லியபடியே கையில் ஊசி ஏற்றி சலைன் குழாயை ஒட்டவைத்தார்.

அவர் பிறகு விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற ஒன்றிரண்டு நாளில் ரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்கலாம். எல்லோருக்கும் நடக்காது, சிலருக்கு நடக்கும். ரத்தத்தில் இருக்கும் நீர் மட்டும் வெளியே கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் போய்த் தேங்கும். உள்ளே மிஞ்சுகிற ரத்தம் அடுப்பில் வற்றிய குழம்பு போலக் கெட்டியாகும். அதனால் கை கால் வரை ரத்தம் போய்ச் சேராது, சில்லிடும். இதை அளப்பதற்கு ஹெமடோக்ரிட் என்று ஒரு சோதனை. நூறு பங்கு ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை பங்கு என்பது கணக்கு. நீர் குறையக் குறைய அந்த எண் ஏறும். ஷைனி வயதுக்கு நாற்பதை ஒட்டி இருக்க வேண்டும். அவளுக்கு நாற்பத்தெட்டு.

எனக்கோ வேறு ஒரு எண்தான் கண்ணில் பட்டது. தட்டணுக்கள் முப்பத்தோராயிரம். லட்சக்கணக்கில் இருக்க வேண்டியது. தெரிந்தவர்கள் எல்லாம் போனில் அதைத்தான் கேட்டார்கள். ஒருவர் பப்பாளி இலைச் சாறு என்றார், ஒருவர் கிவிப் பழம். மச்சினன், ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லி, “அங்கன போனா கேட்ட உடனே தட்டணு ஏத்திருவாங்க அத்தான், இங்கன ஏன் கெடக்கிய?” என்றான். நான் டாக்டரிடம் போய்க் கேட்டேன், கொஞ்சம் அதட்டலாகவே.

அவர் கோபப்படவில்லை. “ஏத்தினா உங்களுக்கு நிம்மதி. ஏத்துற எடத்துக்கும் நல்லதுதான். பிள்ளைக்கு இப்ப அதுல பிரயோஜனம் இல்ல. ரத்தப்போக்கு வந்தாத்தான் அது வேணும். எல்லாரும் அந்த நம்பரயே பாக்காங்க. நீங்க கணக்கு சார்தானே? நான் சொல்லுத நம்பரப் பாருங்க” என்றார். ஹெமடோக்ரிட், நாடி, எத்தனை மில்லி சிறுநீர் போகிறாள். இந்த மூன்று போதும். ஒரு தாளில் கட்டம் போட்டு என்னிடம் கொடுத்தார். அன்று எனக்குக் கிடைத்த முதல் மருந்து அந்தத் தாள்தான். பயம் போய்விடவில்லை. பயத்துக்கு ஒரு வேலை கிடைத்தது.

திங்கள் முழுக்கவும், செவ்வாய்க் காலை வரையிலும், ஏற்றுகிற திரவத்தின் சொட்டுகளைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். குறைத்தால் ரத்த அழுத்தம் விழும். கூட்டினால் நுரையீரலில் போய்த் தேங்கும். நாற்பத்தெட்டு நாற்பத்தாறானது, மறுபடி நாற்பத்தேழானது. எஸ்தர் ஷைனியின் பாதங்களைத் தன் மடியில் வைத்து முந்தானையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு இட்லி வாங்கி வந்தது யார் என்றுகூட நினைவில்லை. கைகழுவும் இடத்தில் நின்றுதான் தின்றேன்.

செவ்வாய்க் காலையில் அந்தக் கைகழுவும் இடத்தில்தான் மாரியப்பன் அண்ணாச்சியைப் பார்த்தேன். கையில் பிளாஸ்க். என்னைக் கண்டதும் அவர் முகம் செத்துவிட்டது. மூன்று கட்டில் தள்ளி அவர் பேரன் படுத்திருந்தான். டெங்கு. அபாயக் கட்டம் தாண்டி, அடுத்த நாள் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தார்கள். காய்ச்சல் தொடங்கி ஒன்பது நாள். பையன் சங்கரன்கோவிலில் அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறான் என்றுதான் தெருவில் சொல்லி வைத்திருந்தார்கள்.

ஒன்பது நாள். நான் மனதுக்குள் எண்ணினேன். கிளினிக்கில் அந்த டாக்டர் என்னைக் கேள்வி கேட்ட வெள்ளிக்கிழமை, இந்தப் பையனுக்குக் காய்ச்சல் ஐந்தாம் நாள்.

“அண்ணாச்சி, ஒரு வார்த்த சொல்லியிருக்கப்படாதா?”

அவர் பிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டே நின்றார். “சொன்னா என்ன ஆவும் சார்? மாரியப்பன் வீட்டுல இருந்துதான் வந்துச்சும்பாங்க. ஆபீசருங்க வந்து எண்பது வீட்டு டிரம்மயும் உருட்டுவாங்க. யாரால வந்த வினைன்னு எல்லாரும் என்னத்தான் ஏசுவிய. நான் வேற டிரம் விக்கவன்.” பிறகு நிமிர்ந்து பார்த்து, சத்தம் கூட்டாமல் சொன்னார்: “ஆளு வந்தா யாரும் வாயத் தொறக்கப்படாதுன்னு நீங்கதானே சார் சொன்னிய?”

குழாயைத் திறந்து, கழுவிய கையையே மறுபடி கழுவினேன்.

பதினொரு மணிவாக்கில் சுகாதார ஆய்வாளர் வார்டுக்கு வந்தார். டெங்கு என்று உறுதியான பிள்ளைகளின் முகவரியை எழுதிக்கொள்ள வருகிறவர். எங்கள் முகவரியைக் கேட்டதும் பேனாவை நிறுத்தினார். அண்ணாச்சி பேரனை இப்போதுதான் எழுதினேன், வாய்க்கால்கரைத் தெருவில் இருந்து இது இரண்டாவது கேஸ் என்றார். கையில் இருந்த தாள்களைப் புரட்டிக் காட்டினார். எங்கள் தெருவுக்கு நேராகக் காய்ச்சல் பூஜ்யம், புழு பூஜ்யம், வரிசையாக.

“ஏரியாவுலயே சுத்தமான தெரு உங்க தெருதான் சார்” என்றார். கிண்டலா, வருத்தமா என்று தெரியவில்லை. “புகை அடிக்க ஒரு வண்டிதான் இருக்கு. எங்க அனுப்பலாம்னு இந்தத் தாளப் பாத்துத்தான் முடிவு பண்ணுதேன். உங்களுக்குத் தேவையில்லன்னு அடுத்த தெருவுக்கு அனுப்பிட்டேன். காய்ச்சல் முகாமையும் அங்கதான் போட்டோம்.”

எஸ்தர் அதுவரை குனிந்திருந்தவள் தலையைத் தூக்கினாள். “சொல்லுங்க அவங்ககிட்ட” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

சொன்னேன். விருந்தாளி ஏற்பாட்டைப் பற்றி முழுக்கச் சொன்னேன். அவர் அதிரவில்லை. “எங்களுக்குத் தெரியும் சார். இசக்கியம்மாளோட மருமவ உங்க குரூப்புலதான இருக்கா” என்றார்.

தெரிந்துமா விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “காய்ச்சல் உண்டுன்னு எழுதினா மேல இருந்து ஏழு போன் வரும். ஏன் வந்துச்சு, நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்தன்னு. இல்லன்னு எழுதினா ஒரு போனும் வராது. நானும் மனுசன்தான சார்.”

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நான் சொல்வதுண்டு: கொடுத்த எண் தப்பாக இருந்தால், அதன் பிறகு எவ்வளவு அழகாகக் கணக்குப் போட்டாலும் விடை தப்புதான். இங்கே தப்பான எண்ணைக் கொடுத்ததற்கு எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. எனக்கு அபராதம், அண்ணாச்சிக்குப் பழிச்சொல், இசக்கியம்மாளுக்கு மத்தியான வெயில், இவருக்கு ஏழு போன். கெட்டவர் என்று ஒருவரையும் காட்ட முடியாது. விடையாக என் பிள்ளை அந்தக் கட்டிலில் கிடந்தாள்.

தானாகவே டிரம்மைத் திறந்து காட்டுகிற வீட்டுக்கு அபராதம் போடாமல் விட முடியுமா என்று அவரிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். முதல் தடவை எழுத்தில் எச்சரிக்கை மட்டும் கொடுக்கத் தனக்கு இடம் இருக்கிறது, மருந்தும் ஊற்றித் தருவேன் என்றார். “கேட்டப் பூட்டுனாத்தான் அபராதம். இத உங்க குரூப்புல போட்டுக்கிடுங்க. ஆனா முதல்ல நீங்க தொறக்கணும்.”

குழுவில் எழுத ஆரம்பித்து நாலைந்து முறை அழித்தேன். செயலாளர் மகளுக்கே டெங்கு என்றால் தெரு என்ன சொல்லும் என்ற நினைப்பு, அந்த நேரத்திலும் இருந்தது. வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன். கடைசியில் இப்படிப் போட்டேன்: “எங்கள் ஷைனிக்கு டெங்கு. அரசு மருத்துவமனையில் இருக்கிறோம். உங்கள் வீட்டில் காய்ச்சல் இருந்தால் மறைக்காமல் இங்கே எழுதுங்கள். காய்ச்சல் விட்டதும் சரியாகிவிட்டது என்று இருக்காதீர்கள். வயிற்று வலி, வாந்தி, அயர்ச்சி, கை கால் சில்லிடுவது, இதில் எது இருந்தாலும் உடனே புறப்படுங்கள். வீடு திரும்பியதும் எங்கள் டிரம்மை முதலில் திறந்து காட்டுகிறோம். காட்டுகிற வீட்டுக்கு முதல் தடவை அபராதம் இல்லை. விருந்தாளி என்று இனி யாரும் போட வேண்டாம். அதை ஆரம்பித்தது என் தப்பு.”

கால் மணி நேரம் ஒரு பதிலும் இல்லை. பார்த்தவர்களின் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. பிறகு மூன்று கட்டில் தள்ளி இருந்து ஒரு செய்தி வந்தது. “எங்க பேரனுக்கும் டெங்குதான். மன்னிக்கணும். மாரியப்பன்.” திரும்பிப் பார்த்தேன். அவர் செல்போனை மூக்குக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. மூன்றாம் வீட்டில் தாத்தாவுக்குக் காய்ச்சல். வாய்க்கால் பக்கத்து வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு. மொத்தம் ஏழு வீடுகள். ஆய்வாளர் என் பக்கத்திலேயே நின்று எழுதிக்கொண்டார்.

அப்போது போன் அடித்தது. தையல்கடை ரசூல் பாயின் மனைவி. “சார், எங்க பாப்பாவுக்கு இன்னிக்குக் காலைலதான் காய்ச்சல் விட்டுச்சு. நல்லாயிட்டான்னு நெனச்சோம். தூங்கிக்கிட்டே இருக்கா. கால் சில்லுன்னு இருக்கு. நாளைக்குப் பாக்கலாமா சார்?”

“இப்பவே வாங்கம்மா. பைய வரலாம்னு இருக்காதிய.”

அரை மணி நேரத்தில் வந்துவிட்டார்கள். மூன்று வயதுப் பிள்ளை, தாயின் தோளில் துவண்டு கிடந்தது. அதே டாக்டர்தான் நகத்தை அழுத்தினார். நான் தள்ளி நின்று எண்ணினேன். மூன்று. “சரியான நேரத்துல கொண்டு வந்துட்டிய” என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. எங்களிடம் அவர் அப்படிச் சொல்லியிருக்கவில்லை.

செவ்வாய் சாயங்காலம் ஷைனியின் எண் நாற்பத்து நாலு. புதன் காலையில் நாற்பத்தொன்று. சிறுநீர் நன்றாகப் போனாள். கால்களில் சிவப்பாக, நடுநடுவே வெள்ளைத் திட்டுகளோடு, அரிக்கிற ஒரு தடிப்பு. பதறிப்போய் டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் முதன்முறையாகச் சிரித்தார். அது குணமாகிற அடையாளமாம். கசிந்த நீர் திரும்பி ரத்தத்துக்குள் வந்துகொண்டிருக்கிறது, அதனால் இனிச் சொட்டுகளை நிறுத்திவிடலாம் என்றார். மத்தியானம் ஷைனி கண்ணைத் திறந்து, “எம்மா, பசிக்கு. ரசமும் அப்பளமும் தாங்க” என்றாள். மூன்று நாளாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத எஸ்தர், அப்பளம் என்ற சொல்லைக் கேட்டு அழுதாள். அப்பளத்தைப் பொரித்துக் கொண்டுவந்தது அண்ணாச்சியின் மருமகள்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தோம். வருகிற வழியில் கிளினிக் டாக்டரைப் பார்த்தேன். பழி சொல்லப் போகவில்லை, தெரிவிக்கப் போனேன். அவர், “காரணம் இல்லாம டெஸ்ட் எழுதினா கமிஷன் வாங்குதான்னு சொல்லுவாங்க, ஊசி போடலன்னா அடுத்த கிளினிக்குக்குப் போயிருவாங்க. ஆனா தெருவுல ஒரு கேஸ் இருக்குன்னு நீங்க அன்னிக்குச் சொல்லியிருந்தா, நான் உங்களோட சண்ட போட்டாவது ரத்தம் எடுத்திருப்பேன் சார்” என்றார்.

தெரு முழுக்க மாறிவிட்டது என்று எழுத ஆசைதான். தண்ணீர் இப்போதும் நாலு நாளைக்கு ஒரு முறைதான் வருகிறது. ஐந்தாறு வீடுகள் இப்போதும் கேட்டைப் பூட்டுகின்றன. அண்ணாச்சி எங்கள் தெருவுக்கு மட்டும் மூடியை வாங்கின விலைக்கே தருகிறார். அடுத்த தெருவுக்கு மூடி இன்னும் தனி விலைதான். ஆனால் புகை அடிக்கிற வண்டி வந்தது. முகாம் போட்டார்கள். ரசூல் பாயின் மகள் நாலாம் நாள் வீடு திரும்பினாள். குழுவில் இப்போது யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் அன்றைக்கே எழுதுகிறார்கள். எழுதிய வீட்டுக்கு யாராவது கஞ்சி கொண்டுபோகிறார்கள். யாரும் யாரையும் ஏசவில்லை.

நாங்கள் வந்த மறுநாள் இசக்கியம்மாள் வந்தார். வழக்கம்போலக் கேட்டுக்கு வெளியே நின்று, புழு உண்டா என்று கேட்டார். எஸ்தர் கேட்டைத் திறந்துவிட்டாள். பின்கட்டில் மூன்றாவது டிரம்மை நாங்களும் மறந்துபோயிருந்தோம். இசக்கியம்மாள் டார்ச்சை அடித்தார். வெளிச்சம் பட்டதும் புழுக்கள் தண்ணீருக்குள் துடித்துத் துடித்துக் கீழே இறங்கின. ஷைனி போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

“ஏட்டி, நீ உள்ள போ” என்று அவளை அதட்டிவிட்டு, இசக்கியம்மாள் மருந்து ஊற்றப் போனார். வேண்டாம், கவிழ்த்தே விடுவோம் என்று நானும் அவருமாக டிரம்மைச் சாய்த்தோம். நாலு நாளைக்கு வேண்டிய தண்ணீர். தென்னைக்குப் பாய்ந்தது.

பிறகு அவர் வாசல் கதவுக்குப் பின்னால் போய் அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதில் அவர் கையெழுத்தில் பதினொரு வரிகள். புழு இல்லை, புழு இல்லை, புழு இல்லை. பன்னிரண்டாவது வரியில் தேதியைப் போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“எழுதட்டுமா சார்?”

“எழுதுங்க” என்றேன்.

புழு உண்டு என்று எழுதி, கையெழுத்துப் போட்டார்.